எத்தனை வாய்க்கு ஒரு ஸ்கிம்மர்?

கோத்தகிரியில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். குளிருக்கு இரண்டு ஹீட்டர் போட்டால் போதும். என்னை மூன்று வருடம் அலையவிட்டது, நுரையேற்றித் தண்ணீரின் அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர். முதலில் வாங்கியது சிறியது, அடுத்து வாங்கியது மிகப் பெரியது, மூன்றாவதுதான் பொருந்தியது. புரோட்டீன் ஸ்கிம்மர் எந்த அளவில் வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், தொட்டி எத்தனை லிட்டர் என்று நான் முதலில் கேட்பதில்லை. அது எப்படி என்று விவரமாகவே சொல்கிறேன். மலையில் ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் வளர்க்கும் கடல் தொட்டி, வைக்க ஆசைப்படுபவர்கள் இரண்டு முறை பணம் கட்ட வேண்டாம்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வெறும் கணக்குக்கு 190 லிட்டர் வரும். மேலே விட்ட இடைவெளி, கல், மணல் எல்லாவற்றையும் கழித்து, கீழே இரண்டடி சம்ப்பில் (ஸ்டாண்டுக்குள் இருக்கும் துணைத் தொட்டி) நிற்கும் தண்ணீரையும் கூட்டினால் உண்மையில் சுற்றுகிற தண்ணீர் 185 லிட்டர். லெதர், மஷ்ரூம், சோவாந்திட் போன்ற மென்பவளங்கள் மட்டும் வைத்திருக்கிறேன். கல் எல்லாம் செராமிக். நம் கடலின் கடினப் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து உயிர்க்கல் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைக் கல்) எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்தக் கல் அங்கே இருக்க வேண்டியது. மீன்களில் க்ளவுன் ஒரு ஜோடி, க்ரோமிஸ் மூன்று, ஒரு சிறிய கோபி, கூடவே ஒரு க்ளீனர் இறால். க்ளவுன் வாங்கும்போது பண்ணையில் பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் க்ளவுனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தே காட்டியிருக்கிறார்கள். பிடித்து வந்த மீனைவிடப் பண்ணை மீன் தொட்டியில் நன்றாகப் பிழைக்கிறது.

ஸ்கிம்மர் செய்வது ஒரே ஒரு வேலை. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருக்கும் சில பொருட்களுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகும். அப்படிப்பட்டவை காற்றும் தண்ணீரும் சேரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி விட்டால் ஒவ்வொரு குமிழியின் தோலிலும் அழுக்கு ஒட்டும். அந்த நுரையைக் கழுத்து வழியாக மேலே ஏற்றி ஒரு கப்பில் விழ வைத்தால், அழுக்கு அழுகி நைட்ரேட்டாக மாறும் முன்பே தொட்டியை விட்டு வெளியே போய்விடும். ஏற்கெனவே நைட்ரேட்டாக மாறிவிட்டதை ஸ்கிம்மர் எடுக்காது. அதற்குத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

நுரை எப்படி ஏறும் என்பதை என் மனைவி சோறு வடிக்கும்போது பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வாய் குறுகிய பானையில் அரிசி கொதித்தால் கஞ்சி நுரை விறுவிறுவென்று ஏறி மூடியைத் தள்ளும். அதே அரிசியை அகலமான உருளியில் போட்டால் நுரை நடுவில் பொங்கி அங்கேயே அடங்கிவிடும். கஞ்சி எவ்வளவு இருக்கிறது, வாய் எவ்வளவு அகலம் என்ற இரண்டும் சேர்ந்துதான் நுரை ஏறுமா அடங்குமா என்று தீர்மானிக்கின்றன. ஸ்கிம்மரிலும் அப்படியே. அழுக்குதான் கஞ்சி, ஸ்கிம்மரின் கழுத்துதான் பானையின் வாய். இது மனதில் பதிந்திருந்தால் முதல் இரண்டையும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

முதல் ஸ்கிம்மர் தொட்டியின் பின்கண்ணாடியில் மாட்டும் வகை. பெட்டியில் '200 லிட்டர் வரை' என்று போட்டிருந்தது. என் தண்ணீர் 185 லிட்டர், சரியாகப் போயிற்று என்று வாங்கிவிட்டேன். கடையில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். பெரிய பெரிய குமிழியாக வந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நல்ல தண்ணீரில் ஸ்கிம்மரை ஓட்டிப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில்தான் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்கும். நல்ல தண்ணீரில் சேர்ந்து பெரிதாகி உடனே உடைந்துவிடும். கடையில் ஓட்டிக் காட்டச் சொன்னால் உப்புத் தண்ணீரில் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் அது மூன்று மாதம் ஓடியது. கப்பில் சேர்ந்தது லேசான மஞ்சள் தண்ணீர், அதுவும் விரல் அளவு. கண்ணாடியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பழுப்புப் படலம். நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு). லெதர் பவளம் பாதி நாள் சுருங்கியே கிடந்தது. தீனியை அப்போது யாரும் அளக்கவில்லை. என் மகள் பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை போடுவாள். அரைத்து உறைய வைத்த இறால் அது. பிறகு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது ஒரு நாளைக்கு 9 கிராம் போயிருந்தது. ஆறு சின்ன மீனுக்கு அது விருந்து.

இரண்டாவதை வாங்கக் காரணம் காற்று. இங்கே உயரம் 1,800 மீட்டர் வாக்கில். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் இங்கே. அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். 25 டிகிரியில் உள்ள கடல்நீர் சென்னையில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை பிடித்து வைக்கும் என்றால், கோத்தகிரியில் அதிகபட்சமே 5.4 வாக்கில்தான். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், "மலைக்குன்னா பெரிசாவே போட்ருங்க சார், காத்தும் சேர்ந்து கிடைக்கும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கோயம்புத்தூரில் யாரோ தொட்டியைக் கலைத்தபோது விற்ற ஸ்கிம்மர் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. '1,000 லிட்டர் வரை'. உடல் 20 சென்டிமீட்டர் விட்டம், கழுத்து கையை நுழைக்கும் அகலம், மோட்டார் 32 வாட்ஸ். பஸ்ஸில் மடியிலேயே வைத்து மேட்டுப்பாளையம் வழியாகக் கொண்டு வந்தேன்.

சம்ப்பில் இறக்கியபோதே முதல் சிக்கல். ஸ்கிம்மரின் உயரம் 54 சென்டிமீட்டர். ஸ்டாண்டுக்குள் உள்ளளவு 58. உள்ளே வைத்தால் நிற்கும், ஆனால் கப்பைக் கழற்ற மேலே தூக்க இடமில்லை. ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்தி, மொத்த ஸ்கிம்மரையும் சாய்த்து வெளியே இழுத்துத்தான் கப்பைக் கழுவ வேண்டும். அதனால் கழுவுவது தள்ளித் தள்ளிப் போனது. கழுத்தில் பிசின் போல அழுக்குப் படிந்தால் நுரை அதைத் தாண்டி ஏறாது என்பது எல்லா ஸ்கிம்மருக்கும் பொது. கழுவ வசதியில்லாத ஸ்கிம்மர் அளவு சரியாக இருந்தாலும் பயன்படாது.

இதற்கிடையில் தீனியைக் குறைத்திருந்தோம், தண்ணீரும் மாற்றியிருந்தோம். எந்த ஸ்கிம்மரும் புதிதாக வைத்தால் பழக வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்று தெரியும். பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய்ப்பசை போய் உள்சுவரில் மெல்லிய படலம் ஏறும் வரை நுரை நிலையாக நிற்காது. நான் ஒரு மாதம் காத்திருந்தேன். உடலுக்குள் குமிழி பால் போல வெள்ளையாகச் சுழன்றது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நுரை கழுத்தின் அடியில் வந்து நின்று, விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக உடைந்து கீழேயே விழுந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு விரற்கடை ஏறும், அடங்கும். ஏறும், அடங்கும். மீனுக்குத் தீனி போட்ட இரண்டு மணி நேரம் கழித்து மட்டும் திடீரென்று ஏறிக் கொஞ்சம் வழிந்தது. பிறகு மறுபடி மூன்று நாள் ஒன்றுமில்லை.

ஆறு மீனின் அழுக்கு அவ்வளவு அகலமான கழுத்தை நிரப்பப் போதவில்லை. உருளியில் ஒரு பிடி அரிசி.

என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான், எனக்கு முன்பே கடல் தொட்டி வைத்தவன். பொங்கலுக்கு வந்திருந்தபோது சம்ப் கதவைத் திறந்து குனிந்து பார்த்தான்.

"மாமா, இது யாரு தொட்டிக்கு வாங்குனது?"

"நம்ம தொட்டிக்குத்தான் மாப்ள. ஆயிரம் லிட்டர் தாங்குமாம்."

"நீங்க கண்ணாடிய அளந்து வாங்கியிருக்கீங்க மாமா. வாய எண்ணி வாங்கணும். உள்ள எத்தன வாய் இருக்கு, அதுக்கு என்ன போடுறீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அவன் சொன்னதும் எனக்குச் சட்டென்று பேக்டரி ஞாபகம் வந்தது. நான் தேயிலை பேக்டரியில் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்கு நீளமான ட்ரஃப் இருக்கும். கம்பி வலைமேல் இலையைப் பரப்பி அடியிலிருந்து ஃபேன் காற்றைத் தள்ளும். ட்ரஃப் எவ்வளவு நீளம் என்று பார்த்து மட்டும் ஃபேனை ஓட்ட மாட்டோம். இலை கனமாக விழுந்த நாளில் முழுக் காற்று. வரத்துக் குறைந்து இலை மெல்லிசாகக் கிடக்கும் நாளில் அதே காற்றை விட்டால் அது அங்கங்கே ஓட்டை போட்டுக்கொண்டு மேலே போய்விடும், மற்ற இடத்தில் இலை வாடாது. எவ்வளவு இலையோ அவ்வளவு காற்று. பத்து வருடமாகத் தினமும் செய்கிற வேலை. வீட்டிலும் அதே கணக்குதான் என்று அன்றுதான் உறைத்தது.

மூன்றாவதை வாங்குமுன் ஒரு மாதம் தீனியைத் தராசில் அளந்து எழுதி வைத்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. நாளைக்கு 3 கிராம். என் மகள்தான் அளப்பாள். உறைந்த இறாலை வலையில் வைத்து ஒரு முறை அலசிவிட்டுப் போடுவதையும் அப்போதுதான் பழகினோம். அந்தச் சாறு மீன் வாய்க்குப் போவதில்லை, நேராகத் தண்ணீரில்தான் கலக்கிறது.

அப்புறம் பெட்டியில் போடும் எண்ணை எப்படிப் படிப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஒழுங்காகப் போடுபவர்கள் மூன்று எண் தருவார்கள். மீன் குறைவாக இருந்தால் இத்தனை லிட்டர், நடுத்தரமாக இருந்தால் இத்தனை, நிறைய இருந்தால் இத்தனை என்று. அதில் கடைசி எண், அதாவது ஆகச் சிறிய எண், நம் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். ஒரே ஒரு எண் மட்டும் 'வரை' என்று போட்டிருந்தால் அதைப் பாதியாக்கிவிட்டு யோசியுங்கள். என் முதல் ஸ்கிம்மரின் 200-ஐப் பாதியாக்கினால் 100. என் 185 லிட்டருக்கு அது எட்டவே எட்டாது. இரண்டாவதின் 1,000-ஐப் பாதியாக்கினாலும் 500, என் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மூன்றாவதில் 500, 350, 250 என்று மூன்று எண்ணும் இருந்தன. 250 எனக்குச் சரி.

இந்தக் கணக்கு மென்பவளத்துக்கும் அளவான மீனுக்கும். பெரிய சர்ஜன் மீன்களை வைத்துத் தினமும் கைநிறையத் தீனி போடுபவர்களுக்கும், அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களை வளர்த்துத் தண்ணீர் மிகச் சுத்தமாக வேண்டும் என்பவர்களுக்கும் இன்னும் ஒரு படி பெரியது வேண்டும். நேர்மாறாக, இரண்டு க்ளவுன் மட்டும் உள்ள 60 லிட்டர் தொட்டிக்கு ஸ்கிம்மரே வேண்டாம் என்பது என் கருத்து. வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றுவது அதைவிட நல்லது, மலிவும்கூட.

லிட்டர் எண்ணுக்கு அடுத்து நான் பார்த்தது கழுத்து. 13 சென்டிமீட்டர் உடலுக்கு 8 சென்டிமீட்டர் கழுத்து. ஆறு மீனின் அழுக்குக்கு அந்த வாய் போதுமானதாக இருக்கிறது. மோட்டார் நீடில் வீல் வகை, அதாவது சக்கரத்தில் இறக்கைக்குப் பதிலாக ஊசி ஊசியாக இருக்கும், அது காற்றை அடித்துப் பொடியாக்கும். 10 வாட்ஸ். மணிக்கு 300 லிட்டர் காற்று இழுக்கும் என்று போட்டிருந்தார்கள். இரண்டு ஸ்கிம்மரை ஒப்பிடும்போது எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளும் என்பதைவிட எத்தனை லிட்டர் காற்று இழுக்கும் என்பதைப் பாருங்கள். அழுக்கு ஒட்டுவது குமிழியில்தான். வாட்ஸையும் பாருங்கள். 10 வாட்ஸ் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 14 யூனிட். அந்த 32 வாட்ஸ் 46 யூனிட் இழுத்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் இழுப்பதற்கு முன்னால் இது சிறிது என்றாலும், இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒவ்வொரு வாட்ஸும் கணக்கு.

உயரத்தை இந்த முறை வாங்குமுன்பே அளந்துவிட்டேன். ஸ்கிம்மர் 46 சென்டிமீட்டர், கப்பைத் தூக்கி எடுக்க இன்னும் 8, ஆக 54. என் ஸ்டாண்டுக்குள் 58. அதோடு அது நிற்க வேண்டிய தண்ணீர் ஆழம். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் ஓர் ஆழம் சொல்வார்கள், இதற்கு 16 முதல் 20 சென்டிமீட்டர். என் சம்ப்பில் 18. உங்கள் சம்ப்பில் ஆழம் கூடுதலாக இருந்தால் அடியில் பிளாஸ்டிக் கட்டம் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு ஸ்கிம்மர்தான். சம்ப்பில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்காத தடுப்பறையில் அதை வைப்பதும் முக்கியம். ஆவியாகித் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே நுரை இறங்கிவிடும்.

பத்தாவது நாள் காலையில் கப்பைத் திறந்தேன். டிகாஷன் நிறத்தில், கெட்டியாக, அழுகிய கடற்கரை வாசனையோடு இரண்டு விரல் உயரம். கழுத்தின் உட்புறம் பச்சையும் பழுப்புமாகச் சேறு. மூன்று வருடத்தில் முதல் முறை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத்தனையும் அந்தத் தண்ணிக்குள்ளயாங்க இருந்துச்சு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நான்கு மாதத்தில் நைட்ரேட் 10-க்கு வந்தது. மென்பவளத்துக்கு அது போதும், அதற்குக் கீழே கொண்டுபோக நான் முயலவில்லை. தண்ணீரில் ஊட்டமே இல்லாமல் செய்தால் அதற்கென்று வரும் பாசித் தொல்லை வேறு.

கப்பில் விழுவது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பேக்டரியில் சாயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு அளவுகோல் இருக்கிறது. கெட்டி டிகாஷன் நிறம் என்றால் வறண்ட நுரை, கொஞ்சமாக எடுக்கிறது. லேசான கட்டன் சாயா நிறம் என்றால் ஈர நுரை, நிறைய எடுக்கிறது, கூடவே உப்புத் தண்ணீரும் போகிறது. போன அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றி ஈடு செய்துகொண்டே வந்தால் உப்பு குறைந்துவிடும். நான் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன், வாரம் ஒரு முறை உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பெரிய ஸ்கிம்மரின் மேல் இருந்த ஆசை எனக்கு முழுதாகப் போனது ஓர் ஆய்வைப் படித்த பிறகு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009-இல் சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்து எழுதியிருந்தார். அவர் சோதித்தவற்றில் எதுவுமே தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமப் பொருளில் (கழிவும் தீனியும் விட்ட அழுக்கு) சுமார் 35 சதவீதத்துக்கு மேல் எடுக்கவில்லை. மீதியை நுரை பிடிப்பதே இல்லை. அதை எடுப்பது ஆக்டிவேட்டட் கார்பன், பாக்டீரியா, தண்ணீர் மாற்றம் எல்லாம். இது தெரிந்த பிறகு வாரத் தண்ணீர் மாற்றத்தை நான் ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை.

சரி, காற்றுக்காகப் பெரிசு வேண்டும் என்றாரே, அது என்ன ஆயிற்று? மலையில் ஆக்சிஜன் குறைவு என்பது உண்மை. ஆனால் பெரிய ஸ்கிம்மர் போட்டாலும் 5.4-ஐத் தாண்டித் தண்ணீர் பிடிக்காது, அது இந்த உயரத்தின் எல்லை. அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே எப்போதும் வைத்திருக்க, ஓர் அலை மோட்டாரை மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தாலே போதும். தண்ணீரை 25 டிகிரிக்கு மேல் விடாமல் பார்த்துக்கொள்வதும் உதவும், சூடு கூடக்கூட ஆக்சிஜன் குறையும். மீன் கூட்டத்தையும் சமவெளிக்காரர்கள் வைப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். இங்கே கையிருப்பு சிறியது.

காற்றில் என்னை நிஜமாகவே படுத்தியது கரியமில வாயு. டிசம்பர், ஜனவரியில் ஜன்னலை அடைத்துவிட்டு நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம், சமையலும் பக்கத்தில்தான். ஸ்கிம்மர் மணிக்கு 300 லிட்டர் அந்த அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் அடிக்கிறது. அந்த வாயு கரைந்து, காலையில் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.7 வரை இறங்கியிருந்தது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயோடு ஒரு நீளமான ட்யூபைச் சேர்த்து ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு வெளியே விட்டேன். ஒரு வாரத்தில் காலை பிஎச் 8.0 தாண்டியது. வெளிக் குளிர்க்காற்று உள்ளே போனால் தண்ணீர் குளிர்ந்துவிடுமோ என்று பயந்தேன். வெப்பமானி நகரவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், வெளியே 5 டிகிரி இருந்தாலும் இந்த அளவுக் காற்று தண்ணீரிலிருந்து எடுக்கும் சூடு 5, 6 வாட்ஸ்தான்.

ஆனால் ட்யூபை எந்தப் பக்கம் விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும், இதை மலையில் இருப்பவர்களுக்கென்றே சொல்கிறேன். எங்கள் வீட்டின் பின்பக்கம் தேயிலைத் தோட்டம். மழையும் மூடுபனியும் விடாத மாதங்களில் கொழுந்தில் கொப்புள நோய் வரும், அதற்கு அடிக்கும் மருந்துகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு ஒன்று. தாமிரம் மீனைவிட இறாலுக்கும் பவளத்துக்கும் எமன், மிகச் சிறிய அளவே போதும். பனியோடு பனியாக அந்தத் துளியை ஸ்கிம்மர் இழுத்தால் நேராகத் தொட்டிக்குள்தான் போகும். அதனால் ட்யூபை ரோட்டுப் பக்கச் சுவரில் விட்டிருக்கிறேன். பக்கத்தில் ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டால் அன்று முழுக்க ட்யூபைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். பெயின்ட் அடிக்கும் நாளிலும், கொசுவர்த்தி கொளுத்தும் அறையிலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் பலமாக இருக்கும். கம்பியில் மரம் விழுந்தால் கரண்ட் வர அரை நாள்கூட ஆகும். கரண்ட் போனதும் மேல் தொட்டியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் கீழே இறங்கும், அது சம்ப் மட்டத்தை 18-லிருந்து 22-க்கு மேல் ஏற்றும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் அந்த ஆழத்தில் கிளம்பினால் நுரைக்குப் பதில் தண்ணீரே கழுத்தைத் தாண்டி, கப் வழிந்து, சேர்த்து வைத்த அழுக்கெல்லாம் மறுபடி சம்ப்பில். பெரிய ஸ்கிம்மர் இருந்தபோது ஒரு நவம்பர் இரவில் இரண்டு முறை இப்படி ஆனது, காலையில் லெதர் பவளம் வெளுத்துச் சளி விட்டிருந்தது. இப்போது ஸ்கிம்மருக்கு மட்டும் ஒரு டைம் டிலே ரிலே போட்டிருக்கிறேன். மேலே ஏற்றும் மோட்டார் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து, மட்டம் பழையபடி இறங்கிய பிறகுதான் ஸ்கிம்மர் ஓடும். இரண்டும் சேர்ந்து 30 வாட்ஸுக்குள் இருப்பதால் இன்வெர்ட்டரும் தாங்குகிறது.

நுரை திடீரென்று நின்றுவிட்டால் ஸ்கிம்மர் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டிக்குள் கைவிட்டால் ஒரு நாள் நுரை ஏறாது. எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்டாலும் அப்படியே. தானாகச் சரியாகிவிடும். புது சிலிக்கோன், கல் ஒட்டும் பசை, குளோரின் நீக்கும் திரவம் ஆகியவை எதிர்ப்பக்கம் வேலை செய்யும், கட்டுக்கடங்காமல் பொங்கும். அன்று கப்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும். காற்றுத் துளையில் உப்பு படிந்து அடைத்தால் ஒரு கப் வெந்நீர் இழுக்கவிட்டால் கரைந்துவிடும். மோட்டாரை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறேன். ஊசிச் சக்கரத்தில் சுண்ணாம்பு படிந்தால் காற்று பாதியாகிவிடும். கப்பும் கழுத்தும் மூன்று நாளுக்கு ஒரு முறை.

போன மாதம் ஊட்டியிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். நான்கடித் தொட்டி வைக்கப் போகிறாராம், சம்ப்போடு சேர்த்து 320 லிட்டர் வருமாம், 1,500 லிட்டர் ஸ்கிம்மர் ஒன்று தள்ளுபடியில் இருக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்டார். மீன் எத்தனை, நாளைக்கு எத்தனை கிராம் தீனி, ஸ்டாண்டுக்குள் உயரம் எத்தனை, சம்ப்பில் தண்ணீர் எத்தனை ஆழம் என்று கேட்டேன். எட்டு மீன், தீனி 5 கிராமுக்குள். உயரம் 62, ஆழம் 20. கடைசி எண் 400 என்று போட்ட ஒன்றைத் தேடச் சொன்னேன், கப் தூக்கும் இடத்தோடு 60 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றேன். கிடைத்துவிட்டது, 16 வாட்ஸ். நேற்று ஒன்பதாவது நாள், கப்பின் படம் அனுப்பியிருந்தார். அடியில் கட்டன் சாயா நிறத்தில் அரை விரல் நிற்கிறது.